சின்ன பாக்கெட், பெரிய குப்பை

காலியான சிப்ஸ் பாக்கெட்டை நன்றாகக் கசக்கிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். மெல்ல விரிந்து பழைய வடிவத்துக்கே வந்துவிடும். உள்ளே வெள்ளியாக மின்னினாலும் அது அலுமினியத் தாள் இல்லை. தாளாக இருந்தால் கசக்கியபடியே கிடக்கும். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, பிளாஸ்டிக் மேல் படியவைத்த பூச்சு அது. தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது.

அந்தப் பூச்சுதான் ஆக்ஸிஜனையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. வெளி அடுக்கு அச்சுக்கும் உறுதிக்கும். உள் அடுக்கு சூட்டில் இளகி பாக்கெட்டின் வாயை ஒட்டிக்கொள்ளும். சிப்ஸ் மாதக்கணக்கில் காறல் அடிக்காமல் மொறுமொறுவென்று இருக்கிறதே, அது இந்த அடுக்குகளின் கைங்கரியம். பொருளைக் காப்பதில் குறை சொல்லவே முடியாது. சிக்கல், பாக்கெட் காலியான பிறகுதான் தொடங்குகிறது.

பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் உருக்கித்தான் மறுசுழற்சி செய்கிறார்கள். பல அடுக்கு உறைகளில் அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு பிளாஸ்டிக்குகளை எடுத்துக்கொள்வோம். பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பாலிஎஸ்டர் உருக 250 டிகிரியாவது வேண்டும். ஒன்று கூழாகும்போது மற்றது அப்படியே இருக்கும். சூட்டை ஏற்றி இரண்டையும் உருக்கினாலும் ஒன்றோடொன்று கலக்காது; கிடைப்பது எளிதில் உடையும் மட்டமான பிளாஸ்டிக். அடுக்குகளை ரசாயனத்தால் பிரிக்க வழி உண்டு, ஆனால் செலவு கட்டுப்படியாவதில்லை. அதனால்தான் இவற்றை நாம் எவ்வளவு சிரத்தையாகக் கழுவிப் பிரித்துப் போட்டாலும் பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ எரியுலைக்கோ போகின்றன. அடியில் அச்சிட்ட, நடுவில் எண் உள்ள முக்கோணத்தையும் நம்ப வேண்டாம். 1988-இல் வந்த அந்த எண்கள் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கின்றன. மறுசுழற்சிக்கு உத்தரவாதம் தருவதில்லை. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

ஆகவே குப்பையின் அளவு குப்பைக்கூடையின் முன்னால் அல்ல, கடையில் பொருளை எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இங்கே கணிதம் நமக்கு உதவும்.

ஒரு பொட்டலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே 8 மடங்கு பொருள் பிடிக்கும். மேலுறையோ 4 மடங்குதான் தேவைப்படும். இதையே திருப்பிப் பார்த்தால், ஒரு பெரிய பொட்டலத்துக்குப் பதில் அதே வடிவத்தில் 8 சின்னது வாங்கினால் உறை இரட்டிப்பு. அதே பொருளை 1,000 துளிப் பொட்டலங்களாக்கினால் 10 மடங்கு! இதில் ஒட்டுவதற்கென்றே விடும் ஓரங்களைச் சேர்க்கவில்லை. ஷாம்பு பாட்டில் போன்றவற்றின் சுவர் தடிமனானது என்பதால் எடைக் கணக்கில் சாஷேயைவிடப் பெரிதாக லாபம் இல்லாமல் போகலாம். ஆனால் பாட்டில் பெரும்பாலும் ஒரே வகைப் பிளாஸ்டிக். பொறுக்கி எடுக்க ஆள் உண்டு, உருக்கவும் முடியும். விரல்நீள சாஷேயை யாரும் குனிந்து எடுப்பதில்லை.

இந்தக் கணக்கு, வாங்கியதை முழுக்கப் பயன்படுத்தினால்தான் செல்லும். உணவை விளைவிக்கச் செலவாகும் தண்ணீர், உரம், எரிபொருளின் சுமை பொதுவாக அதைச் சுற்றிய உறையின் சுமையைவிட அதிகம். அதனால் அரிசி, பருப்பு, சோப்புத்தூள் போல நாள்பட நிற்பவற்றைப் பெரிய பொட்டலமாகவோ, வீட்டு டப்பாவில் அளந்தோ வாங்கலாம். சீக்கிரம் கெட்டுப்போகிறவற்றை, தீர்க்க முடிகிற அளவுக்கு மட்டும் வாங்குவதே சரி.