மார்ஷல்: குதிரை லாயத்தில் பிறந்த சொல்

1943 ஜனவரி 30. இரண்டாம் உலகப் போர். சோவியத் நகரான ஸ்டாலின்கிராட்டில் இடிந்து கிடந்த ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் நிலவறை. ஜெர்மனியின் ஆறாம் படைக்குத் தலைவரான ஃபிரெட்ரிக் பவுலஸுக்கு ஹிட்லர் அங்கே ஃபீல்டு மார்ஷல் பட்டம் அனுப்புகிறார். பட்டம் என்ற பெயரில் வந்த சாவோலை அது. ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் எவரும் உயிரோடு எதிரி கையில் சிக்கியதில்லை, ஆகவே இவரும் தன்னைச் சுட்டுக்கொள்வார் என்பதுதான் கணக்கு. மறுநாள் காலை பவுலஸ் சரணடைந்தார்.

சரி, இத்தனை கனம் ஏறிய அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஜெர்மனில் ‘மாரா’ என்றால் குதிரை, ‘ஸ்கால்க்’ என்றால் ஏவலாள். இரண்டும் சேர்ந்த ‘மாராஸ்கால்க்’ குதிரைக்குப் புல் போட்டு, லாயத்தைக் கூட்டியவன். அரண்மனை லாயத்துக்குப் பொறுப்பாளன், குதிரைப்படைக்குப் பொறுப்பாளன் என்று படிப்படியாக உயர்ந்து, கடைசியில் படையின் உச்சப் பதவிக்கே அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் குதிரைக்கு லாடம் அடிப்பவரை இன்றும் ‘மரெஷால்’ சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நம்மூர் கான்ஸ்டபிளும் இதே வழிதான், லத்தீனில் ‘லாயத்து அதிகாரி’ என்று பொருள்.

பவுலஸின் படையும் பெரும்பாலும் குதிரை இழுத்த வண்டிகளை நம்பியிருந்த படைதான். 1942 நவம்பர் 23-இல் சோவியத் படைகளின் முற்றுகை மூடியதும் விமானத்தில் வந்த உணவு போதவில்லை, அந்தக் குதிரைகளையே அறுத்துத் தின்றார்கள். குதிரைக்காரன் என்று பொருள்படும் பட்டம் வந்து சேர்ந்தபோது அந்தப் படையில் குதிரைகளே அநேகமாக இல்லை. இதை நினைத்தாலே மனம் கனக்கிறது. பிடிபட்டவர்கள் சுமார் 91,000 பேர், ஊர் திரும்பியவர்கள் ஐயாயிரம், ஆறாயிரம் பேர்தான்.

பவுலஸை வெறும் பலியாளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சோவியத் மண்மீது படையெடுக்கத் திட்டம் தீட்டியவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் 1944-இல் ஹிட்லருக்கு எதிராகப் பேசினார், 1946-இல் நியூரம்பர்க்கில் நடந்த நாஜித் தலைவர்கள் மீதான போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார், 1953-இல் விடுதலையாகி, 1957-இல் டிரெஸ்டனில் இறந்தார். மனைவி எலெனா அவரை மறுபடி பார்க்காமலேயே 1949-இல் இறந்துவிட்டார்.

தமிழில் மார்ஷலுக்கு என்ன சொல்வது? ‘தளபதி’, ‘சேனாதிபதி’ இரண்டும் வடமொழி வழி வந்தவை, ‘படைத்தலைவர்’ நல்ல தமிழ், ஆனால் அது ஜெனரலுக்கே சரியாகிவிடுகிறது. மார்ஷல் என்பது பதவியோடு அரசு சூட்டும் சிறப்பும்கூட. அதற்கு நம்மிடம் ‘ஏனாதி’ இருக்கிறது. சிறந்த படைத்தலைவனுக்கு மன்னன் மோதிரம் அணிவித்துக் கொடுத்த பட்டம் அது. புறநானூற்றின் 167-ஆம் பாட்டு ஏனாதி திருக்கிள்ளியைப் பாடுவது: எதிர்நின்று வாள்வடு பட்ட உன் உடம்பு கண்ணுக்கு இனியதல்ல, உன் புகழோ கேட்க இனியது, புறமுதுகிட்ட உன் பகைவர் வடுவில்லாமல் பார்க்க அழகாக இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கேட்கத்தான் நன்றாக இல்லை என்கிறார் புலவர்.

ஃபீல்டு மார்ஷலுக்கு நான் ‘பேரேனாதி’ என்றே எழுதுவேன். முதல்முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘மார்ஷல்’ என்று போட்டால் போதும், படிப்பவருக்குப் புரிந்துவிடும்.