டப்: நன்செய்க்குக் கொரியர் படைத்த எழுத்து

கொரிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளுக்கு ஹன்ஜா என்று பெயர். பெரும்பாலானவை சீனத்திலிருந்து வந்தவை; ஒரு சில மட்டும் கொரியர்களே உண்டாக்கிக்கொண்டவை. இவற்றைக் குக்ஜா, அதாவது நாட்டெழுத்து என்பார்கள். 'கோ' எனப்படும் பலகை ஆட்டமான பதுக்கின் முன்னாள் ஆட்டக்காரர் இ செடோலின் பெயரில் வரும் 'டோல்' அப்படிப்பட்டது. இன்னொன்று 'டப்'.

இதன் பொருள் வடிவத்திலேயே தெரிந்துவிடும். மேலே 'நீர்' எழுத்து, 4 கீற்று (தூரிகை இழுப்பு). அடியில் 'நிலம்', 5 கீற்று: ஒரு சதுரம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் வரப்பு போட்டதுபோல் இரண்டு கோடு. நீர் நிற்கும் நிலம், அவ்வளவுதான். சீனத்தில் 'நீர்', 'நிலம்' என்று இரண்டு எழுத்தாக எழுதுவதைக் கொரியர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். கி.பி. 561-இல் பழைய கொரிய நாடான சில்லாவின் அரசர் ஜின்ஹங் சாங்ன்யொங்கில் நிறுவிய கல்வெட்டிலேயே 'டப்' இருக்கிறது.

சரி, நீருள்ள நிலத்துக்குத் தனி எழுத்து வந்தபின் பழைய 'நிலம்' எழுத்து என்ன ஆனது? கொரியாவில் அது 'ஜொன்' என்ற ஒலிப்போடு புன்செயை மட்டும் குறிக்கத் தொடங்கியது. ஜப்பானில் நேர் எதிர்! அங்கே அதே எழுத்துக்கு நெல்வயல் என்று பொருள். புன்செய்க்குத்தான் பக்கத்தில் 'தீ' சேர்த்துப் புது எழுத்து படைத்தார்கள். ஒரே எழுத்து கடல் தாண்டியதும் ஈர நிலமாகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பேச்சில் கொரியர்கள் நெல்வயலை 'நொன்' என்றும் புன்செய் வயலை 'பத்' என்றும் தங்கள் சொந்தச் சொற்களால்தான் சொல்வார்கள். 'டப்' நிலப் பதிவேட்டுச் சொல். நில வகையாக இன்றும் அதில் இருக்கிறது, கொரிய எழுத்தில். கூட்டுச் சொற்களிலும் வரும். நல்ல விளைச்சல் தரும் வயல் 'ஒக்டப்', வளமான வயல். மழையை மட்டுமே நம்பிய வயல் 'சொன்சுடப்', எழுத்துக்கு எழுத்து பிரித்தால் வான்நீர் வயல். நம் ஊரில் வானம் பார்த்த பூமி என்கிறோமே, அதேதான்.

தமிழில் 'டப்' என்பதற்கு வயல் என்று எழுதினால் போதும் என்று தோன்றலாம். கதைக்குப் போதும். ஆனால் நில வகையைச் சொல்லும் இடத்தில் நன்செய் என்பதே சரி. 'செய்' என்றால் வயல், 'நன்' அதன் தரம். 'ஜொன்' புன்செய். இரண்டும் சேர்ந்த 'ஜொன்டப்' மொத்த விளைநிலத்தையும் குறிக்கும். நாம் நஞ்சை புஞ்சை என்று அடுக்குவதை அவர்கள் புஞ்சையில் தொடங்குகிறார்கள்.