சிந்தசைசருக்கு 'இசைத்தொகுப்பி' பொருந்தாது

"இசைத்தொகுப்பியின் வடிகட்டியைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைக்கவும்."

மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் பழைய சிந்தசைசர்களைப் பழுதுபார்ப்பது பற்றிய ஒரு காணொளிக்குப் போட்டிருந்த தமிழ்த் துணைவரி இது. சரிபார்த்துத் தரச் சொல்லி நண்பர் அனுப்பியிருந்தார். இருபது நிமிடக் காணொளியில் 'இசைத்தொகுப்பி' முப்பது முறைக்கு மேல் வந்தது. இதற்கு முன்பும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துக் கடந்து போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. அதே வாரம் என் மேசையில் அதே வகைக் கருவி ஒன்று திறந்து கிடந்ததும் ஒரு காரணம்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'சின்' என்றால் கூட, சேர. 'தெசிஸ்' என்றால் வைத்தல். சேர்த்து வைப்பது சிந்தெசிஸ். பகுத்துப் பார்ப்பதற்கு எதிர்ச்செயலாக மெய்யியலிலும் பிறகு வேதியியலிலும் புழங்கிய சொல். ஒரு சுரத்தைப் பல எளிய அதிர்வுகளாகப் பகுக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய பின், அந்த அதிர்வுகளைக் கொண்டு சுரத்தைத் திரும்பக் கட்டலாம் என்ற எண்ணமும் வலுத்தது. 1950-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் ஓர் அறையை அடைக்கும் இயந்திரத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. 1964-இல் ராபர்ட் மூக் நியூயார்க் மாநிலத்தில் செய்யத் தொடங்கிய சிறு பெட்டிகளுக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லாவும் இத்தகைய கருவிகளைச் செய்தார். அவருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. வேறொன்றைப் போலச் செய்வது என்ற வாடை அதில் அடிக்கிறது என்பது அவர் எண்ணம். ஆக, இந்தப் பெயர்மீதான மனக்குறை தமிழில் பிறந்ததல்ல.

இனி 'தொகுப்பி'க்கு வருகிறேன். பகுப்பு, தொகுப்பு என்ற இணை அழகானது. வேதியியல் பாடத்தில் அது சரியாகவே நிற்கிறது. ஆனால் தமிழன் காதில் 'தொகு' என்ற வினை என்ன சொல்கிறது? முன்பே இருப்பவற்றை எடுத்து ஓரிடத்தில் வைப்பதைச் சொல்கிறது. எட்டுத்தொகை என்றால் ஏற்கெனவே பாடப்பட்டவற்றைத் திரட்டி வைத்த எட்டு நூல்கள். பாடினவர் புலவர், தொகுத்தவர் வேறொருவர். அந்த வேறுபாட்டை நம் மரபு எவ்வளவு கவனமாகப் பேணியிருக்கிறது! இன்றைய வழக்கிலும் அப்படியே. படத்தொகுப்பு என்றால் எடுத்து முடித்த காட்சிகளை வெட்டி ஒட்டுவது. கணினியில், எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் தொகுப்பி என்று பெயர் கொடுத்து அதுவும் ஓரளவு வழக்கில் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு 'இசைத்தொகுப்பி' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் என்ன தோன்றும்? ஐம்பது பாட்டைச் சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒரு கருவி. என் அக்கா மகனிடம் கேட்டேன், கொஞ்சமும் யோசிக்காமல் "பிளேலிஸ்ட் ஆப்பா மாமா?" என்றான். அவன் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை. அவன் மீது தவறில்லை.

அதோடு 'இசை' வேறு. இந்தக் கருவி இசையைச் செய்வதில்லை. ஒலியைச் செய்கிறது. இசையை வாசிப்பவர் செய்கிறார். வீணையை யாரும் இசைத்தொகுப்பி என்று சொல்லமாட்டோம்.

மேசையில் கிடந்தது ரோலண்ட் ஜூனோ-106. 1984-இல் ஜப்பானில் வந்த கருவி. ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கும், அதாவது உள்ளே ஆறு குரல்கள். ஒரு விசையை அழுத்தினால் முதல் குரல், அடுத்ததற்கு இரண்டாவது என்று முறை வைத்துப் பாடும். என்னிடம் வந்த கருவியில் ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஐந்து முறை ஒழுங்காக ஒலித்தது, ஆறாவது முறை எண்ணெயில் ஈரம் விழுந்தது போல் ஒரு பொரிச்சல். மறுபடி ஐந்து, மறுபடி பொரிச்சல். இந்தக் கருவியைப் பழுதுபார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். போர்டில் 80017ஏ என்று எண்ணிட்ட ஆறு சிறு சீப்பு போன்ற பாகங்கள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குரலுக்கான வடிகட்டியையும் பெருக்கியையும் சுமக்கிறது. அவற்றின் மேல் பூசிய பிசின் பூச்சு ஆண்டுகள் போகப் போகக் கெட்டு, தன் வழியாக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. மருந்து எளிது. பாகத்தைக் கழற்றி, நகப்பூச்சை அழிக்கிற அதே அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறவைத்தால் பூச்சு ஊறிப்போன தோல் மாதிரி உரிந்து வரும். பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, காயவைத்து, ஈயம் உருக்கிப் போர்டில் திரும்பப் பற்றவைக்க வேண்டும். பெரும்பாலும் குரல் திரும்பிவிடும்.

துணைவரி எழுதியவர் 'வடிகட்டியை ஊறவைக்கவும்' என்றார். சமையற்கட்டுக் குறிப்பு போல ஆகிவிட்டது. 'வடிகட்டிச் சில்லு' என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் போதும்.

சரி, அந்தக் குரலுக்குள் நடப்பது என்ன? அலையியற்றி ஒரு ரம்பப்பல் அலையை எழுப்புகிறது. அலைகாட்டியில் பார்த்தால் பெயருக்கு ஏற்றாற்போல் மரமறுக்கும் வாள் மாதிரியே இருக்கும். அடிச்சுரத்தோடு மேற்சுரங்கள் அத்தனையும் அதில் நிறைந்திருக்கும், கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். அடுத்து வடிகட்டி, வேண்டாத மேற்சுரங்களை அறுத்து எறிகிறது. எவ்வளவு அறுக்கிறது, எவ்வளவு நேரத்தில் அறுக்கிறது என்பதில்தான் அந்த ஒலியின் குணம் இருக்கிறது. கடைசியில் பெருக்கி, ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. ராபர்ட் மூக் செய்த கருவிகளும் ஜூனோவும் இன்று வீட்டில் கட்டப்படும் பெரும்பாலான கருவிகளும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. கழித்தல் முறை என்றே இதற்குப் பெயர். சிற்பி கல்லைச் செதுக்குவது மாதிரி. எங்கே இருக்கிறது இதில் தொகுப்பு? எடுத்து வைக்க முன்பே இருந்த பொருள் என்ன? பெட்டிக்குள் ஒரு பாட்டுமில்லை, ஒரு பதிவுமில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் ஒலி என்று சொல்ல ஒன்றுமே அங்கே இல்லை. பதிவு செய்த ஒலிகளை எடுத்து வைத்து வாசிக்கும் சாம்ப்ளர் என்று வேறொரு கருவி உண்டு. 'ஒலித்தொகுப்பி' அதற்கு வேண்டுமானால் பொருந்தும்.

இதே காரணத்தால் 'ஒலிச்சேர்க்கி' என்பதையும் ஏற்க முடியவில்லை. தாவரவியலின் ஒளிச்சேர்க்கையைப் பார்த்து வார்த்த சொல் அது. லகர ளகரம் பிரித்துப் பேசுவோர் குறைந்துபோன காலத்தில், வகுப்பில் 'ஒலிச்சேர்க்கை' என்றால் பாதிப் பிள்ளைகள் இலையை நினைப்பார்கள். 'செயற்கை ஒலிக்கருவி' என்று சிலர் எழுதுவது இன்னும் மோசம். தச்சர் கடைந்த மரத்தில் கம்பி கட்டி எழுப்பும் ஒலி இயற்கை, டிரான்சிஸ்டரில் எழும் ஒலி செயற்கை என்று எந்தக் கணக்கில் பிரிப்பது? புக்லா வருந்தியது இந்தப் பொருளை நினைத்துத்தான். நாம் அதையே வலியப் போய்ச் சூட்டுகிறோம்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் கட்டை வைத்த எதற்கும் 'கீபோர்டு' என்றுதான் பெயர். பேச்சுக்கு அது போதும். எழுத்தில் அது உதவாது. 1969-இல் லண்டனில் வந்த விசிஎஸ்-3 என்ற கருவியில் விசைப்பலகையே கிடையாது. சிறு குச்சிகளைத் துளைகளில் செருகித்தான் அதை இயக்க வேண்டும். 'சிந்த்' என்ற சுருக்கத்தைக் காவடிச்சிந்தோடு முடிச்சுப் போட்டு, தமிழ்ச் சொல்தான் அங்கே போனது என்று ஒருவர் எனக்கு விளக்கம் அனுப்பியிருந்தார். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தமிழுக்குப் பெருமை சேர்க்க இத்தகைய பொய்வேர்கள் தேவையே இல்லை.

என் பரிந்துரை 'ஒலிபுனைவி'.

புனைதல் பழைய வினை. பூவைத் தொடுப்பதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல், செய்யுள் செய்வதும் புனைதல். கையால், கலைநயத்தோடு ஒன்றை உண்டாக்குவது என்பதே நடுப்பொருள். சூரரமகளிர் என்னும் தெய்வப் பெண்களின் அழகைச் சொல்லவந்த நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் 'கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பின்' என்கிறார். கையால் புனைந்து செய்யப்படாத, தானாகவே அமைந்த அழகு. அப்படியானால் கையால் செய்து உண்டாக்குவதற்குச் சொல் எது? புனைந்து இயற்றுதல். இரண்டு வினைகளில் ஒன்றை நம் இயற்பியல் பாடநூல்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன: அலையியற்றி. மற்றது நமக்காகக் காத்திருக்கிறது. கருவியின் உறுப்புகளான அலையியற்றி, வடிகட்டி, பெருக்கி மூன்றுக்கும் தெளிவான தமிழ் இருக்க, முழுக் கருவிக்கு மட்டும் மங்கலான சொல் எதற்கு?

ஒலிவாங்கி, ஒலிபெருக்கி என்ற வரிசையில் ஒலிபுனைவி இயல்பாக உட்காருகிறது. ஒற்றும் மிகாது. இன்னொரு வசதி, முறைகளின் பெயர்களும் முரணில்லாமல் வரும். 'கழித்தல் தொகுப்பு' என்று எழுதிப் பாருங்கள், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே இழுக்கிறது. கழித்துப் புனைதல், கூட்டிப் புனைதல் என்றால் தடையில்லை. ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்து, 1983-இல் யமஹா டிஎக்ஸ்-7 வழியாக உலகெங்கும் பரவிய, ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றும் அதிர்வெண் பண்பேற்ற முறையை, பண்பேற்றிப் புனைதல் எனலாம்.

புனைசுருட்டு, புனைந்து பேசுதல் என்று பொய்யின் நிழல் அந்த வினையில் விழுந்திருக்கிறதே என்று நண்பர் கேட்டார். விழுந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புனைகதை எழுதுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை. இல்லாத ஒன்றை உண்டாக்கி, கேட்பவர் நெஞ்சில் உண்மையாக்குவது என்ற பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. இந்தக் கருவியின் வேலையும் அதுவே.

எனக்கு உண்மையான வருத்தம் ஒரு சொல்லைப் பற்றியதல்ல. பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்துச் சொல் செய்கிறார்கள். அதே காணொளியில் 'சர்க்யூட் பெண்டிங்' என்பது 'மின்சுற்று வளைத்தல்' என்று வந்தது. அமெரிக்காவின் ரீட் கசாலா 1960-களில், மேசை இழுப்பறைக்குள் திறந்து கிடந்த சிறு பெருக்கி ஒன்று உலோகத்தில் பட்டுக் கூவியதைக் கேட்டுக் கண்டுகொண்ட வித்தை அது. பேட்டரியில் ஓடும் பேசும் பொம்மையைத் திறந்து, போர்டில் இரண்டு புள்ளிகளுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பார்ப்பார்கள். எங்கே வைத்தால் பொம்மை புதிதாகப் பாடுகிறதோ அங்கே ஒரு சுவிட்சைப் பற்றவைத்துவிடுவார்கள். அதில் எதுவும் வளைவதில்லை. வளைவது சுற்றின் ஒழுக்கம் மட்டுமே. 'வளைத்தல்' என்று படித்துவிட்டு ஒரு சிறுவன் போர்டைக் கையால் வளைத்தால் அது உடையும். 'குறுக்கிணைப்பு' என்றிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும். பேட்டரிக் கருவியில் மட்டும் செய்ய வேண்டும், சுவரில் செருகுவதில் கூடவே கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தத் துணைவரியில் விடுபட்டிருந்தது. சொல்லில் கவனமில்லாதவர் அதிலும் கவனமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாதுதான்.

மொழிபெயர்ப்பவர்கள் இதற்காக மின்னணுவியல் படிக்கத் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் 555 டைமர் சில்லு இரண்டு, சில மின்தடைகள், குமிழால் திருகும் மாறுமின்தடை இரண்டு, மின்தேக்கிகள், ஒரு சிறு ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி வாங்கினால் ஒரு மாலையில் கட்டிவிடலாம். அட்டாரி பங்க் கன்சோல் என்று பெயர் பெற்ற, ஃபாரஸ்ட் மிம்ஸ் வரைந்த எளிய சுற்று அது. குமிழைத் திருகும்போது பூனைக்குட்டி கத்துவது போலவும் மோட்டார் ஓடுவது போலவும் படிப்படியாக ஒலி மாறும். காலையில் வெறும் பாகங்களாக இருந்தவை மாலையில் குரல் எழுப்புவதைக் கேட்ட பிறகு, 'தொகுப்பி' என்று எழுதக் கை வராது.

துணைவரியைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு போட்டு விட்டுவைத்திருக்கிறேன்: 'பேட்ச்'. முதலில் தொலைபேசி நிலையக் கம்பிகளைப் போலப் பெட்டிக்குப் பெட்டி செருகும் வடத்தைக் குறித்தது. பிறகு அந்த வடங்களின் அமைப்பால் கிடைக்கும் ஒலியைக் குறித்தது. இப்போது வடமே இல்லாத ஜூனோவின் நினைவகத்தில் இருக்கும் 128 ஒலியமைப்புகளையும் குறிக்கிறது. துணைவரி எழுதியவர் 'ஒட்டு' என்று போட்டிருந்தார், கிழிந்த துணியின் ஒட்டு. வடத்துக்கு 'இணைப்பு வடம்' என்று எழுதினேன். சேமித்து வைத்த ஒலிக்கு 'அமைவு' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.