ஃபிளேவனாய்டில் சுவை எங்கே?

கோத்தகிரிக் கடையொன்றில் கிரீன் டீ பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘இதிலுள்ள சுவையூட்டிகள் தோல் கட்டிகளைத் தடுக்கும்.’ போன மாதம் ஒரு துண்டறிக்கையிலும் இதே ‘சுவையூட்டி’தான். செடிகளில் உள்ள ஃபிளேவனாய்டு என்னும் சேர்மத்தை ‘ஃபிளேவர்’ என்று எண்ணிச் செய்த மொழிபெயர்ப்பு. இனியும் பொறுக்க முடியாது.

சொல்லின் பிறப்பு சின்ன விஷயம். லத்தீனில் ‘ஃபிளாவுஸ்’ என்றால் மஞ்சள். அதிலிருந்து ஃபிளேவோன், அதை ஒத்த சேர்மங்கள் ஃபிளேவனாய்டுகள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகிறதே, அந்த ரிபோஃபிளேவினுக்கும் வேர் இதுதான். ‘ஃபிளேவர்’ வேறு குடும்பம். பழைய பிரெஞ்சில் மணத்தைக் குறித்த சொல்லின் வழி வந்தது.

சொல் தப்பினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்கிறார்கள். இந்த மலையில் ‘ஃபிளேவர் டீ’ என்றால் ஏலக்காய் டீ, சாக்லேட் டீ. சுவையூட்டி என்று படித்த சுற்றுலாக்காரர் அதைத்தான் மருந்தென்று எடுத்துப்போவார். ஆய்வாளர்கள் பேசுவதோ கொழுந்திலேயே இருக்கும் கேட்டச்சின் என்ற ஃபிளேவனாய்டுகளை. அவற்றுக்குச் சுவை உண்டென்றால் அது நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு! கறுப்புத் தேயிலைக்காகக் கொழுந்தை நசுக்கிப் புளிக்கவிடும்போது அவற்றில் பெரும்பகுதி வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது.

புற ஊதாக் கதிர் பட்ட தோலில் அழற்சியையும் செல் பெருக்கத்தையும் தூண்டும் சில நொதிகளை, லூட்டியோலின் போன்ற ஃபிளேவனாய்டுகள் அடக்குகின்றன. எலிகளில் புற்றுக்கட்டிகள் குறைந்திருக்கின்றன. மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை. ஆய்வாளர் எழுதுவது ‘தடுக்கக்கூடும்’. அந்தக் ‘கூடும்’ எந்த மொழிபெயர்ப்பாளர் வயிற்றில் போனதோ! வெறும் ‘கட்டி’ என்றால் நம் ஆட்கள் சீழ்க்கட்டி என்றே நினைப்பார்கள், பத்துப் போடுவதற்கு.

தனித்தமிழ் நண்பர்கள் ஃபிளேவனாய்டை ‘மஞ்சள் நிறமி’ என்கிறார்கள். வேரைப் பிடித்தார்கள், பொருளை விட்டார்கள். கேட்டச்சினுக்கு நிறமே இல்லை. பிளம்ஸ் தோலின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணமான ஆந்தோசயனினும் ஃபிளேவனாய்டுதான். போதாக்குறைக்கு, மஞ்சள் என்றதும் அம்மியில் அரைக்கும் மஞ்சள் நினைவுக்கு வரும். அதற்கு நிறம் தரும் குர்குமின் இந்தக் குடும்பமே இல்லை. ‘பசலையம்’ என்று ஒருவர் சொன்னார். தலைவனைப் பிரிந்த தேயிலை போலும்.

வைட்டமினுக்கு உயிர்ச்சத்து மாதிரி ஒரு நல்ல சொல் அமையும்வரை ‘செடிகளில் உள்ள ஃபிளேவனாய்டு என்னும் சேர்மம்’ என்று எழுதுவதே நேர்மை. கடைக்காரரிடம் சொன்னேன்.

“சேர்மம்னு போட்டா யாரு சார் வாங்குவாங்க?” என்றார்.