திருகோணமலையில் மாடு, நாய் வளர்ப்போரும் அயலவரும் அறிய வேண்டிய சட்டம்

கண்டி வீதியிலும் நிலாவெளி வீதியிலும் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கட்டாக்காலி மாடுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பகல் வெயிலில் சூடேறிய தார் வீதி இரவிலும் இளஞ்சூடாக இருக்கும். வெளியான இடம் என்பதால் காற்றும் படும், ஈ நுளம்புத் தொல்லையும் குறையும். மாடுகள் நடுவீதிக்கு வந்து படுப்பது அதனால்தான். கறுத்த மாடு என்றால் கிட்ட வந்த பிறகுதான் கண்ணில் படும். மோதி விழுந்தவர்களில் பலர், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்க வழி இருக்கிறது. ஆனால் மாடு யாருடையது என்பது முதலில் தெரிய வேண்டும். வளர்ப்பு மிருகங்கள் பற்றிய நம் நாட்டுச் சட்டங்கள் பலவும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

மாடு, எருமைகளுக்கு அடையாளமிடுவது, கைமாற்றுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்குள் வருகின்றன. முன்பு குறிசுட்டார்கள். இப்போது கால்நடை வைத்தியர் பணிமனையில் பதிந்து, இலக்கம் போட்ட காதுப்பட்டி குத்துகிறார்கள். மாட்டை விற்றால் உரிமை மாற்றத்துக்கு எழுத்தில் சான்று வேண்டும். லொறியில் ஏற்றினால் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு கொண்டுவருகிறவர்கள் கடைசி நாள் வரை காத்திராமல் இந்தக் கடதாசிகளை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. வழிச் சோதனையில் நிறுத்தப்பட்டால் மாடும் வெயிலில் நின்று வாடும், கொண்டுவந்தவரும் நீதிமன்றம் வரை போக வேண்டி வரும்.

பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டுமே என்ற பயத்தில் சிலர் காதுப்பட்டி குத்தாமலே விடுகிறார்கள். இது தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. வீதியில் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்க உள்ளூராட்சி சபைக்கு அதிகாரம் உண்டு. பிடித்த கூலி, தீனிச் செலவு, தண்டப்பணம் எல்லாவற்றையும் கட்டி உரிமையாளர் மீட்க வேண்டும். யாரும் உரிமை கோரி வராவிட்டால் சபை ஏலத்தில் விற்கலாம். பட்டியும் இல்லை, பதிவும் இல்லை என்றால், ‘அது என்னுடைய மாடுதான்’ என்று எதைக் காட்டி நிரூபிப்பது? களவு போனாலும் இதே கதைதான். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது முதலில் கேட்பது அடையாளத்தைத்தான்.

தண்டப்பணம் சபைக்குச் சபை வேறுபடும். ஒவ்வொரு சபையும் தன் உபவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டே நடைமுறைப்படுத்துகிறது. நகருக்குள் இருப்பவர்கள் நகரத்துச் சபையிலும், உப்புவெளிப் பக்கத்தார் பட்டினமும் சூழலும் பிரதேச சபையிலும், நிலாவெளியார் குச்சவெளிப் பிரதேச சபையிலும் கேட்க வேண்டும். மாடு எந்தச் சபையின் எல்லைக்குள் பிடிபட்டதோ அங்கேதான் மீட்க முடியும்.

தண்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மாடு வீதிக்கு வருவது நிற்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்போகம் விதைத்ததும் வயல் பக்கம் மாட்டை விட முடியாது. மேய்ச்சல் தரையும் வருடா வருடம் சுருங்குகிறது. அந்த மாதங்களில் பசித்த மாடு சந்தைக் கழிவைத் தேடி ஊருக்குள் வருகிறது. மாட்டுக்காரரிடம் தண்டம் வாங்குவது சரி. மேய்ச்சல் தரையை அளந்து ஒதுக்கிக் கொடுப்பதும் அரச அலுவலகங்களின் கடமை, அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மாடு மோதி விபத்து நடந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். முடிந்தால் காதுப்பட்டி இலக்கம் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மிருகத்தைக் கவனயீனமாக விட்டு மனிதருக்கு ஆபத்து விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். நட்டஈடு வேண்டுமானால் அதற்குத் தனியாகக் குடியியல் வழக்குப் போட வேண்டும்.

வளவுக்குள் மாடோ ஆடோ புகுந்து பயிரைத் தின்றால் 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச்சட்டம் பொருந்தும். பிடித்துக் கட்டிவைத்து, உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, சேதத்தை மதிப்பிடச் சொல்லலாம். கட்டிவைத்த மிருகத்துக்குத் தண்ணீர் வைப்பது உங்கள் பொறுப்பு. கோபத்தில் வாளால் வெட்டினாலோ சுடுதண்ணீர் ஊற்றினாலோ வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் தண்டம் அதிகபட்சம் நூறு ரூபாய், சிறை என்றால் மூன்று மாதம் வரை. இன்றைக்கு நூறு ரூபாய் ஒரு தண்டனையே இல்லை. புதிய விலங்கு நலச் சட்டம் வேண்டும் என்று இத்தனை வருடமாகக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இனி நாய். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டினுடையது. வீட்டு நாயை ஆண்டுதோறும் சபையில் பதிய வேண்டும். போகும்போது விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசி போட எங்கும் அலைய வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் கால்நடை வைத்தியர் பணிமனையும் சேர்ந்து வட்டாரம் வட்டாரமாக இலவசமாகவே போடுகின்றன. திகதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், நாம் பி.எச்.ஐ. என்று சொல்கிறவரிடம் கேட்டால் தெரியும். ஒருமுறை போட்டதோடு விடக்கூடாது, வருடா வருடம் போட வேண்டும். 1973இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். அந்தத் தொகை இன்று வருடத்துக்குச் சில பத்துகளாகக் குறைந்ததற்கு முதல் காரணம் நாய்களுக்குப் போட்ட ஊசிதான்.

தெருநாயைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006இலிருந்து கைவிடப்பட்டது. இப்போது பிடித்து, கருத்தடை செய்து, ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். கொண்டுபோன நாயை ஏன் திரும்ப இங்கேயே விடுகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு சந்தியில் ஊசி போட்ட நாய்கள் இருந்தால் அந்த எல்லைக்குள் வெளி நாயை அவை லேசில் விடாது. அவற்றை அப்புறப்படுத்தினால், குப்பை இருக்கும் வரை வேறு நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாதவை.

தெருநாய் பெருகுவதில் வீடுகளின் பங்கு பெரிது. பெட்டைக் குட்டிகளை உரப் பையில் போட்டுச் சந்தையடியிலும் கடற்கரையிலும் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இன்னும் நிற்கவில்லை. கண் திறந்தும் திறக்காத குட்டிகள் அவை. வீட்டுப் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பாவம் யாருக்கும் இல்லை. இலவச முகாம் எப்போது என்று கால்நடை வைத்தியர் பணிமனையில் விசாரியுங்கள்.

நாய் கடித்தால், கீறினால் கூட, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். தடுப்பூசி அங்கே இலவசம். பூனை கடித்தாலும் இதேதான். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும், அது எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் வைத்தியர் மேற்கொண்டு முடிவெடுப்பார். அதற்குள் செத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்கும் பி.எச்.ஐ.க்கும் சொல்லுங்கள். தலையைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும்.

கோழி, ஆடு, பன்றி வளர்ப்பில் பெரும்பாலும் வரும் பிரச்சினை நாற்றமும் கழிவு நீரும்தான். வீட்டுத் தேவைக்கு நாலு கோழி வளர்ப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பண்ணை அளவுக்குப் போனால் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மான்களின் கதை வேறு. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோவில் போகிற வழியிலும் கடற்கரைப் பக்கமும் ஆளைக் கண்டு பயப்படாமல் நிற்கும் புள்ளிமான்கள் நம் ஊரின் அடையாளம். பழகிவிட்டதால் அவற்றை வளர்ப்பு மிருகம் என்று நினைக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பாதுகாக்கும் காட்டு மிருகம் அது. பிடிப்பதும் குட்டியை வீட்டில் வளர்ப்பதும் இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். கடலைச் சரையைப் பொலித்தீன் பையோடு நீட்டுகிறவர்களைக் கோட்டை வாசலில் பார்க்கலாம். மான் அந்தப் பையையும் சேர்த்தே மெல்லும். உள்ளே போன பொலித்தீன் செரிக்காமல் வயிற்றை அடைத்துவிடும். மானுக்கு நாம் எதுவும் கொடுக்கவே தேவையில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் அந்தப் பக்கம் சங்கிலியைக் கையிலிருந்து விட வேண்டாம். அடிபட்ட மானைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அயல் வீட்டு மிருகத்தால் தொல்லை என்றால் முதலில் நேரில் பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் சபைச் செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சுகாதாரம் சம்பந்தப்பட்டதென்றால் ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் போகட்டும். எழுதும்போது மிருகத்தின் அடையாளம், இடம், நேரம் மூன்றையும் குறிப்பிட்டுப் படத்தையும் இணையுங்கள். அப்படியும் ஒன்றும் நடக்காவிட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட முடியும். அந்த வழக்குக்கு முத்திரை குத்திய பழைய கடிதங்கள்தான் சான்று.