பெருவிழுங்கி: மேக்ரோஃபேஜுக்கு ஏன் இந்தச் சொல்?

சிகரெட் புகை நுரையீரலைக் கெடுக்கும் விதத்தைப் படிக்கப் புகுந்தால் 'மேக்ரோஃபேஜ்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. தூசு, கிருமி போன்றவற்றை விழுங்கும் ஒரு வகைச் செல்லின் பெயர் அது. கிரேக்கத்தில் 'மக்ரோஸ்' என்றால் பெரியது, நீண்டது. 'ஃபாகெய்ன்' என்றால் தின்பது.

1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்காஃப், உடல் கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. இவ்வகைச் செல்லுக்கு 'ஃபாகோசைட்' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் வியன்னாவின் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளாவுஸ். அவற்றுள் பெரியதை மேக்ரோஃபேஜ் என்றும் சிறியதை மைக்ரோஃபேஜ் என்றும் மெச்னிக்காஃப் பிரித்தார். அந்தச் சிறியதைத்தான் இன்று நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவாக அறிகிறோம். 1908-இல் அவருக்கும் பால் ஏர்லிக்குக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தமிழில் என்ன சொல்வது? இலங்கைப் பாடநூல் வழக்கில் ஃபாகோசைட் 'தின்குழியம்'. நல்ல சொல்தான். ஆனால் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று உணவையே நான்காகப் பிரித்த மொழி நம்முடையது. தின்பதென்றால் கடித்து மெல்ல வேண்டும். இந்தச் செல்லுக்கோ வாயும் இல்லை, பல்லும் இல்லை. தன் உடலையே கைபோல் நீட்டி, துகளை அப்படியே வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது விழுங்கல். ஆகவே 'பெருவிழுங்கி' என்பதே என் தேர்வு. செய்தித்தாள்கள் எழுதும் 'படைவீரர்' எனக்கு உடன்பாடில்லை. நுரையீரலின் நுனியில் உள்ள காற்று நுண்ணறைக்குள் இருக்கும் பெருவிழுங்கியின் அன்றாட வேலை போர் அல்ல, துப்புரவு. தூசு, கிருமி, இறந்த செல் எல்லாவற்றையும் விழுங்கி, லைசோசோம் என்ற பைகளுக்குள் நொதிகளால் செரித்து, அறையைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

விழுங்குதல் ஒன்று, செரித்தல் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புகை புகுந்துகொள்கிறது. ஊரில் 'பீடி குடிக்கிறார்', 'சிகரெட் குடிக்கிறார்' என்பார்கள். குடிப்பவர் அவர், விழுங்க வேண்டியது இது. புகையின் தார்த் துகள்களும், புகையிலையோடு ஒட்டி வரும் கயோலினைட் என்ற களிமண் கனிமத் துணுக்குகளும் பெருவிழுங்கிக்குள் போகின்றன. போனவை கரைவதில்லை. புகைப்பவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்தால், பழுப்பு நிறம் அடைத்த பெருவிழுங்கிகள் தெரியும். எண்ணிக்கையும் புகைக்காதவருடையதைவிடப் பல மடங்கு. கூட்டம் கூடியும் வேலை நடப்பதில்லை: பாக்டீரியாவை விழுங்கும் திறன் குறைகிறது, இறந்த செல்களை அகற்றும் திறனும் குறைகிறது. அதோடு எலாஸ்டின் என்ற மீள்தன்மைப் புரதத்தை அறுக்கும் நொதியையும் அவை வெளிவிடுகின்றன. துப்புரவுக்கு வந்தவையே நுண்ணறைச் சுவரைக் கரைக்கின்றன. எம்ஃபிசீமா என்ற நுரையீரல் சிதைவு இந்த வழியில் வருவதுதான்.

தமிழில் 'மந்தம்' என்றொரு சொல் உண்டு. வயிற்று மந்தம் என்றால் செரியாமை. ஆள் மந்தம் என்றால் சுறுசுறுப்பின்மை. ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவைத்தவர்கள் செல்லைப் பார்த்ததில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணன் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது கிட்டத்தட்ட இதையேதான். வரிக்குதிரை மீன்களில், லைசோசோமில் செரியாப் பொருள் தேங்கிய பெருவிழுங்கிகள் நகரவே திணறின; காசநோய்க் கிருமி இருக்கும் இடத்துக்கு அவற்றால் போய்ச்சேர முடியவில்லை. புகைப்பவர்களின் நுரையீரலிலிருந்து எடுத்த பெருவிழுங்கிகளிலும் அதே மந்தம் தெரிந்தது. புகைப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது.

'விழுங்கணு' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் சரியே, அப்போது மேக்ரோஃபேஜ் 'பெருவிழுங்கணு' ஆகும். நுரையீரலில் உள்ளதைத் தனித்துச் சொல்ல 'நுண்ணறைப் பெருவிழுங்கி' போதும். 'புகைப்பவரின் பெருவிழுங்கி' என்று நோய்க்குறியியலில் தனியே ஒரு பெயரும் உண்டு. சிகரெட்டை விட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்தப் பழுப்பு நிறம் சிலருடைய நுண்ணறைகளில் தங்கியிருப்பதைக் காணலாம்.