மோட்டார் கமோடு வாங்கும் முன் பைப் போகும் வழியைப் பாருங்கள்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை தாண்டி ஒரு காபித் தோட்டத்து வீடு. பழைய வீடு சாலை மட்டத்தில் இருக்கிறது. பின்பக்கம் சரிவில் இறங்கி, விருந்தினர் தங்கப் புதிதாக இரண்டு அறைகள் கட்டியிருந்தார்கள். செப்டிக் டேங்க் மேலே பழைய வீட்டை ஒட்டி. புது அறைகளின் பாத்ரூம் அதற்கு மூன்று மீட்டர் கீழே.

"கீழேயே இன்னொரு டேங்க் தோண்டிக்கலாமேங்க" என்றேன்.

"ரெண்டடியிலயே பாறைங்க. அதுக்கும் கீழ பக்கத்துத் தோட்டத்துக் கிணறு" என்றார் வீட்டுக்காரர்.

அவர் போனில் ஒரு மோட்டார் கமோடின் படம் இருந்தது. நிறம் பார்த்து, மூடி சத்தமில்லாமல் மெல்ல இறங்குமா என்று பார்த்து, முன்பணமும் கட்டிவிட்டார். கழிவு எந்த வழியாக மேலே ஏறப் போகிறது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.

நான் சேலத்தில் பிளம்பிங், எலெக்ட்ரிகல் இரண்டும் செய்பவன். அதற்கு முன்னால் சில வருடங்கள் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் இருந்தேன். மோட்டார் கமோடை முதலில் பார்த்தது அங்கே, 28 அடி பாய்மரப் படகு ஒன்றில்தான். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் படகில் எதைக் கோட்டை விட்டோமோ அதையேதான் இங்கேயும் கோட்டை விடுகிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. கமோடுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் மிக்ஸி போல ஒரு பிளேடும் ஒரு பம்பும். ஃப்ளஷ் செய்ததும் பெட்டியில் தண்ணீர் மட்டம் ஏறும், சுவிட்ச் தானாக விழும், கழிவு கூழாகி மெல்லிய பைப்பில் தள்ளப்படும். சாதாரணக் கமோடுக்கு நான்கு அங்குல பைப்பும் சரிவும் வேண்டும். இதற்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் பைப் போதும், மேல்நோக்கியும் ஏறும். நான் போட்ட யூனிட்களில் பெரும்பாலானவை நான்கைந்து மீட்டர் உயரம் வரை தள்ளக்கூடியவை.

சரிவு கிடைக்கிற இடத்தில் இதைப் போடவே போடாதீர்கள். புவியீர்ப்புக்குக் கரண்ட் பில் கிடையாது, சர்வீஸ் ஆளும் தேவையில்லை. படகுக்காரர்களிடமும் இதையே சொல்வேன். இரண்டு பேர் வாரக்கடைசியில் போய் வரும் சின்னப் படகுக்குக் கையால் இழுத்து அடிக்கும் பம்ப் வைத்த கமோடு போதும். மோட்டார் என்பது வேறு வழி இல்லாதபோது.

படகில் முதல் தலைவலி வயர். அங்கே 12 வோல்ட் பேட்டரி. ஃப்ளஷ் செய்யும் சில விநாடிகளுக்கு மோட்டார் 20 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து கமோடு ஐந்து மீட்டர் என்றால் போக வரப் பத்து மீட்டர் வயர். வீட்டு ஞாபகத்தில் ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்தால் வழியிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டார் முக்கும், பிளேடு மெதுவாகச் சுற்றும், அடைப்பு வரும். பழி கமோடு கம்பெனி மேல் விழும். பத்து ஸ்கொயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். வீட்டில் 230 வோல்ட் என்பதால் 500 வாட் மோட்டார் இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல்தான் எடுக்கும், இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. வீட்டில் பார்க்க வேண்டியது வேறு: ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கும் மின்சாதனம் இது. தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். இந்த மூன்றும் இல்லாத வீட்டில் நான் இணைப்புக் கொடுப்பதில்லை. கீசர் பிளக்கில் சேர்த்துவிடச் சொன்னவர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

அடுத்தது பைப் வழி. பெட்டியை விட்டு வெளியே வந்ததும் முதலில் நேராக மேலே ஏற வேண்டும், அப்புறம்தான் படுக்கைவாட்டில் போக வேண்டும். படுக்கையாகக் கொஞ்ச தூரம் போய்ப் பிறகு ஏறினால், மோட்டார் நின்றதும் ஏறிய நீர் பின்னால் விழுந்து கீழ்ப் பைப்பிலேயே தங்கி இறுகும். படுக்கைப் பகுதிக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கமாவது கொடுங்கள். சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், வளைவு நீளமான பெண்டு போடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ஹோஸில் கிளிப் போட்டு முடித்திருந்த ஒரு வேலையைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கிளிப் நழுவி, சுவரெல்லாம்... விடுங்கள், சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்களும் இருப்பீர்கள்.

பைப்புக்குள் எவ்வளவு கழிவு தங்கும் என்பதையும் கணக்குப் போட வேண்டும். படகில் பயன்படும் 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த பட்டனைச் சட்டென்று விட்டுவிடுவார்கள். மூன்று மீட்டர் ஹோஸில் கழிவு பாதி வழியில் நிற்கும். கடல்நீரில் ஃப்ளஷ் செய்கிற படகில், ஹோஸில் தேங்கிய நீரின் நுண்ணுயிர்கள் செத்து அழுகின முட்டை நாற்றம் வரும். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து உள்பக்கம் சுண்ணாம்பாகப் படியும், சில வருடத்தில் ஹோஸின் துவாரம் பாதியாகிவிடும். சேலத்து போர்வெல் உப்புத் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஊற்றி இரவு விட்டுவிட்டுக் காலையில் ஃப்ளஷ் செய்தால் போதும். கடுமையான ஆசிட் ரப்பர் சீலை அரிக்கும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இப்போது என் சொந்தத் தப்பு. நாகலூர் பக்கம் ஒரு வீடு. கமோடுக்கும் டேங்குக்கும் நடுவே பெரிய பாறை. பைப்பை இரண்டு மீட்டர் ஏற்றி, பாறையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஆறு மீட்டர் இறக்கி டேங்கில் விட்டேன். இறக்கம்தானே, இன்னும் வசதி என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் போன்: "அண்ணா, அறைக்குள்ள நாத்தம் தாங்கல." போய்ப் பார்த்தால், ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் அந்த ஆறு மீட்டர் நீர்க்கம்பம் கீழே விழும் வேகத்தில் பெட்டியையும் கமோடில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. வாயுவைத் தடுத்து நிற்கும் அந்தத் தண்ணீர் போனால் டேங்க் வாயு நேராக அறைக்குள்தான் வரும்.

டியூபால் டிரம்மிலிருந்து டீசல் உறிஞ்சி எடுக்கிற அதே சைஃபன். படகில் இதற்கு எவ்வளவு பயப்பட்டிருக்கிறேன்! அங்கே கமோடு பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஹோஸ் நேராகக் கடலுக்குப் போகிறது, வால்வு மூடவில்லை என்றால் சைஃபன் தலைகீழாக வேலை செய்து கடலே உள்ளே வரும், கட்டிப்போட்ட படகு இரவோடு இரவாக மூழ்கும். அதனால்தான் ஹோஸை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, உச்சியில் காற்றை உள்ளே விட்டு சைஃபனை முறிக்கும் காற்று வால்வு வைப்போம். படகு ஒரு பக்கம் சாயும்போதும் அந்த வளைவு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் மலையில் மறந்தேன். என் செலவில் உச்சியில் ஒரு காற்று வால்வு போட்டு, இறங்கும் பைப்பை 50 மில்லிமீட்டராக மாற்றினேன். நாற்றம் அன்றோடு நின்றது.

கரண்ட் போனால்? மலையில் மழைக்கும் காற்றுக்கும் போகத்தான் செய்யும். பெட்டி ஒரு ஃப்ளஷ் தண்ணீரை ஏதோ தாங்கும். வாளியில் ஊற்றினால் பொங்கித் தரைக்கு வரும். இன்வெர்ட்டரில் இணைக்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். வீட்டில் சாதாரணக் கமோடு ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

விருந்தினர் வீடு என்றால் நாப்கின், ஈரத் துடைப்பான், தலைமுடி, பல் இடுக்கு நூல் எதுவும் உள்ளே போகக்கூடாது. நூல்தான் பிளேடுக்கு எமன். கமோடு பக்கத்திலேயே மூடி போட்ட குப்பைக்கூடை வையுங்கள். பெட்டியை டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள், கழற்ற வழி விடுங்கள். உதிரிபாகம் சேலத்தில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள், ஆள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும்.

கழிவு கடைசியில் எங்கே சேர்கிறது என்பதும் நம் பொறுப்புத்தான். பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியில், சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டித்தான் விடலாம். மலையில் நமக்குக் கீழே கடல் இல்லை, அடுத்தவர் கிணறு இருக்கிறது. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாறைப் பிளவில் நீர் ஓடும் இடத்தில் அதுவும் போதாது என்பது என் எண்ணம். டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிடுங்கள். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் உள்ளே ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உள்ளிருக்கும் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

ஒண்டிக்கடை வீட்டில் கடைசியில் ஓர் அறைக்கு மட்டும் மோட்டார் கமோடு போட்டோம். மூன்று மீட்டர் நேர் ஏற்றம், அப்புறம் பதினைந்து மீட்டர் இறக்கம் கொடுத்த படுக்கை. ஒப்படைக்கும் முன் டிஷ்யூ பேப்பர் போட்டு அடுத்தடுத்து ஐந்து ஃப்ளஷ், நடுவில் மெயினை அணைத்து ஒரு ஃப்ளஷ், ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காய்ந்த துணி வைத்து ஈரம் பார்த்தல். வீட்டுக்காரர் பொறுமையாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நான் கருவிகளைக் கட்டி எடுத்த பிறகு உள்ளே போய், மூடி மெல்ல இறங்குகிறதா என்று இரண்டு தடவை திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டார்.